எல்லையோரத்தில் உதிர்ந்த பழம் எவருக்கு உரியது?

தாய்லாந்தில் டுரியான் பழத்தை மரத்திலிருந்து வெட்டி இறக்குவார்கள். நம் நாட்டு வழக்கம் அதுவன்று. மரத்திலேயே முற்றிப் பழுத்து, காம்பு தளர்ந்து, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ தானாக நிலத்தில் விழுகின்ற பழத்தையே நாம் நல்ல பழமென்று கொள்கிறோம். ஆகவே நம்மிடையே டுரியானைப் பறிப்பவரைக் காட்டிலும் பொறுக்குபவரே மிகுதி. செம்பனையும் அத்தகையதே. குலை பழுத்துவிட்டது என்பதற்கு அடையாளமே அதிலிருந்து பழங்கள் உதிர்வதுதான். ரப்பர் மரத்தடியில் மங்கிலிருந்து வழிந்து உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கீழே கிடப்பதை எடுப்பதில் ஒரு வசதி உண்டு. மரம் ஏற வேண்டியதில்லை, பூட்டை உடைக்க வேண்டியதில்லை, குனிந்தால் போதும். அதனால், "நான் பறிக்கவில்லை, கீழே கிடந்ததைத்தானே எடுத்தேன்" என்னும் விடை எளிதாக வாயில் வந்துவிடுகிறது. பிறர் வீட்டுக் கதவைத் தொடவும் அஞ்சும் நல்லவர்கள்கூட இதனைச் சொல்லக் கேட்கிறோம். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். தோட்டத்தின் எல்லையை ஒட்டி வாழ்வோர்க்கு இஃது ஒரு சிறு விஷயமன்று. ஒரு சாக்கு உதிரிப் பழத்துக்காக ஓர் இளைஞனின் பெயர் காவல் நிலையத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னர் வேலை தேடிச் செல்லும் இடமெல்லாம் அது கூடவே வரும். ஆகவே, அந்த விடை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன கூறுகிறது?

நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டு என்றால் என்ன என்பதை விளக்குகிறது. ஒருவருடைய வசத்தில் உள்ள அசையும் பொருளை, அவருடைய இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் நகர்த்துவதே திருட்டாகும். இப்பிரிவிற்கு ஒரு விளக்கவுரை இருக்கிறது. நிலத்தோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருள் அசையும் பொருளாகாது. நிலத்திலிருந்து பிரிந்த அக்கணமே அது திருட்டுக்கு உள்ளாகக்கூடிய பொருளாகிவிடுகிறது.

இதனை நம் வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மரத்தில் இருப்பதைத் தொட்டால்தான் திருட்டு, விழுந்துவிட்டால் அது பொதுப் பொருள் என்பது பலருடைய எண்ணம். சட்டமோ, விழுந்ததனால்தான் அது அசையும் பொருளாயிற்று என்கிறது! பறித்து எடுப்பவர் தம் கையாலேயே அதைப் பிரிக்கிறார். பொறுக்குபவருக்காகக் காற்றும் காலமும் பிரித்து வைத்திருக்கின்றன. வேறுபாடு அவ்வளவே. இருவருக்கும் 379ஆம் பிரிவின்படி விதிக்கப்படக்கூடிய தண்டனை ஒன்றுதான்: 7 ஆண்டுகள்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

'வசத்தில் உள்ள பொருள்' என்ற சொற்களுக்கும் பொருள் தெரிந்துகொள்வது நல்லது. காவலர் நிற்கவில்லை, வேலி சாய்ந்து கிடக்கிறது, பழம் இரண்டு நாளாக அங்கேயே இருக்கிறது என்பதனால் அது உடையவரின் வசத்தைவிட்டு நீங்கிவிடாது. அவருடைய நிலத்தின்மீது கிடக்கும்வரை அது அவர் வசத்திலேயே இருப்பதாகக் கொள்ளப்படும்.

பொதுச்சாலையில் கிடப்பதன் நிலை வேறு. குலை ஏற்றிச் செல்லும் லோரி மேட்டில் குலுங்கும்போது பழங்கள் சிதறுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். சாலையில் கிடப்பதை எடுப்பது திருட்டாகாது. ஆனால் 403ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. கண்டெடுத்தவர், உடையவர் இன்னாரென அறிந்திருந்தும், அல்லது அறிய வழியிருந்தும், அதைத் தமதாக்கிக்கொள்வாராயின் அது கையாடலாகும். வழியெங்கும் கிடக்கும் நாலைந்து பழங்களை எவரும் பெரிதுபடுத்தப் போவதில்லை. லோரியிலிருந்து முழுக் குலை உருண்டு விழ, லோரியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருக்க, 'யாருடையதோ அறியேன்' என்று கூறுவது எடுபடாது.

பிள்ளைகளைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். 10 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. 10 முதல் 12 வயதுவரை, செய்வதன் தன்மையை உணரும் பக்குவம் அப்பிள்ளைக்கு இருந்ததா என்பது பார்க்கப்படும். இதை அறிந்துகொண்டு, "நீ போய்ப் பொறுக்கி வா, உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று சிறுவர்களை அனுப்பும் பெரியவர்கள் சிலர் உளர். பிள்ளைக்குக் குற்றமில்லை என்றாலும், ஏவியவருக்கு உண்டு. அதற்கும் சட்டத்தில் தெளிவான இடம் இருக்கிறது.

செம்பனை உதிரிப் பழம்

எல்லைத் தகராறுகளில் டுரியானைவிட அதிகமாக அடிபடுவது செம்பனை உதிரிப் பழமே. காரணம் அதன் மதிப்பு. ஆலைக்குச் செல்லும் குலையின் எடையில் எண்ணெயாகக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காம்பும் தண்டும் இல்லாத உதிரிப் பழத்திலோ எண்ணெயின் அளவு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. குலை முற்றிய பதத்தைக் கண்டறியும் தர விதியில்கூட, பழம் உதிர்ந்த புதிய குழிகள் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. ஆகவே உதிர்வது இழப்பன்று. அறுவடையின் ஒரு பகுதியே அது. நிரைதோறும் வட்டத்தைச் சுத்தப்படுத்தி, பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைத்திருப்பதும் அதனால்தான். 2022 மார்ச் மாதத்தில் கச்சாச் செம்பனை எண்ணெயின் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அக்காலத்தில் உதிரிப் பழம் என்பது சில்லறைப் பொருளாக எவர் கண்ணிலும் படவில்லை.

இனி எல்லைக்கு வருவோம். ஒரு பக்கம் பெருந்தோட்டம், மறுபக்கம் மூன்று நான்கு ஏக்கர் சிறுதோட்டம், இடையே ஒரு கால்வாய் அல்லது செம்மண் பாதை. இரு பக்கத்து மரங்களும் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. மட்டைகள் நடுவில் ஒன்றையொன்று தொடுகின்றன. நிலம் சரிவாக இருந்தால் உதிர்ந்த பழம் உருண்டு கால்வாயில் சேரும். மழை பெய்தால் கீழ்ப்பக்கத்துக்கு அடித்துச் செல்லப்படும். கால்வாயில் கிடக்கும் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இஃது இந்த மரத்தது' என்று சொல்ல எந்த நிபுணராலும் இயலாது.

சட்டத்தின் வெளிச்சம் மங்குவதும் இவ்விடத்திலேதான். மனிதரின் நேர்மை தேவைப்படுவதும் இவ்விடத்திலேதான். 'மெய்ப்பிக்க முடியாது' என்பது வேறு, 'என்னுடையது' என்பது வேறு. ஐயத்துக்கிடமான பழத்தை எடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஐயத்தின் பயனைத் தமக்கே அளித்துக்கொள்கிறார். நல்ல சிறுதோட்டக்காரர்கள் பலர் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது: தம் மரத்தின் வட்டத்துக்குள் கிடப்பதை மட்டும் பொறுக்குவார்கள், கால்வாயில் கிடப்பதைத் தொடமாட்டார்கள், அண்டை வீட்டாரும் தாமும் கலந்து பேசி, கால்வாய்ப் பழத்தை இந்த முறை ஒருவர், அடுத்த முறை மற்றவர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. ஆனால் இருவரில் ஒருவர் இறந்து, நிலம் கைமாறும்போது, புதியவரிடம் அதை எடுத்துச் சொல்ல மறந்துவிடுவார்கள். சண்டை அப்போதுதான் மூளுகிறது.

வாங்குபவரின் பங்கையும் மறைக்கலாகாது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அதன் 2005ஆம் ஆண்டு உரிம விதிகளின்படி செம்பனைப் பழத்தை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும். 40.46 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்குக் குறைந்த நிலமுடைய சிறுதோட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். எனவே நிலமே இல்லாத ஒருவர் வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் இரண்டு சாக்குப் பழம் கொண்டுவருகிறாரென்றால், அது எங்கிருந்து வந்தது என்று பழக்கடைக்காரர் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் குறைந்த விலைக்கு வாங்கிப் போடுபவர், திருட்டுப் பொருளை வாங்கிய குற்றத்துக்கும் ஆளாக நேரிடும். என் கருத்தில், பொறுக்கும் ஏழையைவிட, தெரிந்தே வாங்கும் கடைக்காரரின் பொறுப்புப் பெரிது. சாக்குக்குச் சந்தை இல்லையென்றால் இரவில் கைவிளக்கும் இல்லை.

வேலியைத் தாண்டிய கிளை

மரம் ஒருவர் நிலத்தில்; கிளை அடுத்தவர் முற்றத்தின்மேல். கம்பத்து வீடுகளிலும் தோட்டத்து வரிசை வீடுகளிலும் ரம்புத்தான், மா, டுரியான் ஆகியவற்றால் இத்தகைய பூசல் எழுவதுண்டு. 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 3ஆம் பிரிவின் வழியாக இங்கிலாந்தின் பொதுச் சட்டம் இந்நாட்டிலும் இடம் பெற்றிருக்கிறது. அச்சட்டப்படி, தம் நிலத்தின்மேல் நீண்ட கிளையை எல்லைவரை வெட்டிவிட அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு. பழம்? 1919இல் இங்கிலாந்தில் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற வழக்கில் இக்கேள்வி எழுந்தது. தம் நிலத்தின்மேல் தொங்கிய அண்டையாரின் ஆப்பிள் மரக்கிளையிலிருந்து பழங்களைப் பறித்து ஒருவர் விற்றுவிட்டார். பழம் மரத்துக்குரியவருடையதே என்றும், விற்றவர் ஈடு செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 911ஆம் பிரிவு, மரத்திலிருந்து அண்டை நிலத்தில் தானாக விழுந்த பழம் அந்த அண்டை நிலத்தின் பழமாகவே கருதப்படும் என்கிறது. ஒரே பழம், ஒரே வேலி. இரண்டு நாட்டில் இரண்டு நீதி. இதனால் ஒன்று புலனாகிறது. 'இயற்கை நியாயம்' என்று நாம் உரக்கப் பேசுவது பல வேளைகளில் நாம் பிறந்து வளர்ந்த இடத்தின் வழக்கமாகவே இருக்கிறது. சட்டம் எதுவாயினும், இலைக்குப்பையைத் தினமும் கூட்டுகிற வீட்டுக்கு ஒரு கூடை ரம்புத்தான் அனுப்பிவைக்காத மரத்துக்காரர், தம் உரிமையைச் சரியாகப் பயன்படுத்துகிறார் என்று நான் கூறமாட்டேன்.

நட்டவர் ஒருவர், உடையவர் ஒருவர்

நம் மக்களின் மனத்தை உண்மையில் நோகச் செய்வது இப்பகுதிதான். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதன் கொடுமையைக் கண்டே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. ஒரே தோட்டமாக இருந்த நிலத்தின் நடுவே புதிய எல்லைக் கற்கள் முளைத்தன. லயத்தின் பின்புறம் தாத்தா நட்டு, பாட்டி தண்ணீர் ஊற்றி வளர்த்த டுரியான் மரம், ஒருநாள் வேறொருவரின் லோட்டுக்குள் நிற்கிறது. பேரன் அங்குப் பழம் பொறுக்கப் போனால் அவனைத் திருடன் என்கிறார்கள்.

தேசிய நிலச் சட்டம் 1965இல், 5ஆம் பிரிவில், 'நிலம்' என்பதற்கு அதன்மேல் வளரும் செடி கொடி மரங்களும் அடங்கும் என்று பொருள் கூறப்பட்டுள்ளது. நட்டவர் எவராயினும் மரம் நிலத்தோடு செல்லும். தாத்தாவின் உழைப்பு மெய். ஆயினும் அது பட்டாவாக மாறவில்லை. இதைக் கேட்பது கசப்பாக இருக்கும். ஆனால் பேரனிடம் மறைத்து வைப்பதைவிடச் சொல்லிவிடுவதே அவனுக்குப் பாதுகாப்பு.

பழைய நிர்வாகி வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியும் இத்தகையதே. "துரை சொல்லியிருக்கிறார், பொறுக்கிக்கொள்ளலாம்" என்ற சொல்லை நம்பி முப்பது ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அவ்வனுமதி கொடுத்தவரோடு நிற்பது. நிலம் விற்கப்பட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே தோட்டம் கைமாறப் போகிறது என்று தெரிந்தவுடனே, வீடு, இழப்பீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போதே, பழ மரங்களையும் அப்பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கக் கிளையினரிடம் கூற வேண்டும். பட்டா மாறிய பிறகு கேட்பது உரிமையாகாது, வேண்டுகோளாகிவிடும்.

வேலியில்லாத மரங்கள்

நிலத்துக்குப் பட்டா இல்லாமலே மரத்தின்மேல் உரிமை இருக்கும் இடமும் உண்டு. காட்டோரத் தோட்டங்களிலிருந்து டுரியான் பருவத்தில் காட்டுக்குள் செல்பவர்கள் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும். காட்டில் தனித்து நிற்கும் பெரிய டுரியான் மரங்கள் பலவும் தாமாக முளைத்தவை அல்ல. தெமுவான், செமாய், ஜாக்குன் முதலிய பூர்வகுடி மக்களின் முன்னோர் நட்டும் காத்தும் வந்த மரங்கள் அவற்றுள் உண்டு. இன்ன மரம் இன்ன குடும்பத்தது என்று அவர்களுக்குள் கணக்கு உண்டு. 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அரசாங்க நிலத்தில் அவர்களுக்குரிய பழ மரங்கள் இருந்து, அந்நிலம் பிறருக்கு வழங்கப்படுமானால், அம்மரங்களுக்கு இழப்பீடு கொடுக்கப்பட வேண்டும் என்கிறது.

வேலி இல்லை, பலகை இல்லை. ஆனால் அடையாளம் இருக்கும். மரத்தடி செதுக்கிச் சுத்தமாக இருக்கும். அருகில் ஒரு பொண்டோக் இருக்கும். நெருப்பு மூட்டிய கரி இருக்கும். இரவெல்லாம் கொசுக்கடியில் விழித்திருந்து பழம் விழும் ஓசைக்காகக் காத்திருந்தவர், விடியலில் ஆற்றுக்குச் சென்று திரும்புவதற்குள் நாம் பழத்தை எடுத்துக்கொண்டு நடப்பது எவ்வகையில் நியாயம்? தாத்தா நட்ட மரத்துக்காக மனம் வருந்துகிற நாம், அடுத்தவரின் தாத்தா நட்ட மரத்தை அடையாளம் காணத் தவறக்கூடாது.

காட்டோரத்தில் கிடைக்கும் இன்னொரு பொருள் மான் கொம்பு. ஆண் கடம்பை மான் தன் கொம்பை உதிர்த்துவிட்டு மீண்டும் புதிதாக வளர்த்துக்கொள்ளும். உதிர்ந்த கொம்பை எடுத்துச் சுவரில் மாட்டுவோரும், அரைத்து மருந்தாகக் கொள்வோரும் உளர். உயிரைக் கொல்லவில்லை என்பதனால் தவறில்லை என்று கருதவேண்டா. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காக்கப்பட்ட விலங்கை மட்டுமன்றி அதன் உறுப்பையும் உரிமமின்றி எடுத்து வைத்திருப்பதைத் தடுக்கிறது. மான் வேட்டைக்கு 2009இலேயே தடை விதிக்கப்பட்டதும் நினைவில் இருக்கட்டும். வீட்டில் கொம்பு இருந்தால், 'உதிர்ந்து கிடந்தது' என்று அதிகாரியிடம் மெய்ப்பிப்பது எளிதன்று. கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு, பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறிவதே முறை.

ஏழைக்கு இடமில்லையா?

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் வினவலாம்: அழுகிப் போகிற பழத்தை ஒரு கிழவி பொறுக்கினால் என்ன? நியாயமான கேள்வி. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் ஏழைகளைப் பல நாடுகளில் காண்கிறோம். நம் முன்னோர் விட்டுவந்த தமிழக ஊர்களிலும் அது புதிதன்று. இங்கிலாந்தில் அது ஏழைகளின் உரிமை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1788இல் ஸ்டீல் எதிர் ஹௌட்டன் வழக்கில், பொதுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லையென்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அத்தீர்ப்புக்குப் பிறகும் பல கிராமங்களில் கதிர் பொறுக்குவது நிற்கவில்லை; உடையவர்கள் இசைந்ததனால் வழக்கம் வாழ்ந்தது.

தோட்ட நிர்வாகத்தினருக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. ஆளில்லாமல் எல்லை நிரைகளில் பழம் வாரக்கணக்கில் முளைவிட்டுக் கிடக்கும்படி விட்டுவிட்டு, அதில் ஒரு வாளியைப் பொறுக்கிய முதியவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவது சட்டப்படி சரியாக இருக்கலாம், அழகாக இராது. ஓய்வு பெற்றவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் எல்லை நிரைகளை ஒதுக்கி, பொறுக்கிய பழத்தைத் தோட்டமே எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம். பழம் ஆலைக்குப் போகும். கூலி வீட்டுக்குப் போகும். கள்ளக் கடைக்காரருக்கு இடையில் வேலையில்லை.

அனுமதி கேட்கும் முறை

எல்லையில் ஐயம் இருப்பின் முதலில் எல்லைக் கல்லைத் தேடுங்கள். புல் மூடியிருக்கலாம், சுற்றிச் செதுக்கலாம், ஆனால் கல்லை அசைக்கலாகாது, அதுவே தனிக் குற்றம். கல் கிடைக்கவில்லையெனில் பட்டாவின் படத்தை மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அண்டையாரையும் உடன் அழைத்துச் சென்றால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அனுமதியை எழுத்தில் கேளுங்கள். நீண்ட கடிதம் வேண்டா. உங்கள் பெயர், அடையாளக் கார்டு எண், எந்த லோட் அல்லது எந்தத் தீம்பார், எந்த மரங்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, பகலிலா இரவிலா, உடன் வருவோர் யார் என்பவற்றை எழுதி, கீழே நிர்வாகியோ நில உடைமையாளரோ கையொப்பமிட இடம் விட்டால் போதும். ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கையொப்பமிட்ட கடிதத்தின் ஒரு படியைத் தோட்டக் காவலரிடமும் கொடுத்து வையுங்கள். விடியற்காலையில் கைவிளக்குடன் மரத்தடிக்கு வருபவரை முதலில் காண்பவர் அவர்தாம்.